வேதாரண்யத்துச் சுவரில் என் முகம்

தஞ்சாவூர்,
17-2-2025

அன்புள்ள அண்ணாவுக்கு மதுரம் நமஸ்காரம்.

இங்கு யாவரும் நலம். யாவரும் என்பது நான் ஒருத்திதான். வலது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது போல் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் காது எப்படி இருக்கிறது? புதிதாக வாங்கிய கருவியை நீ மேஜை இழுப்பறையில் வைத்திருப்பதாக மன்னி எழுதியிருந்தாள். இழுப்பறைக்கு நன்றாகக் கேட்கும் என்று நம்புகிறேன். தொலைபேசியில் கத்த எனக்கு மூச்சில்லை. ஆகவே கடிதம்.

சனிக்கிழமையன்று காரை எடுத்துக்கொண்டு தனியாகக் கடற்கரை ஊர்களைச் சுற்றிவிட்டு வந்தேன். ஓட்டுநர் உரிமம் இந்த ஆண்டோடு முடிகிறது. அடுத்த முறை மருத்துவர் கையெழுத்திடுவார் என்று எந்த உறுதியும் இல்லை. நாற்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்தவள், தரங்கம்பாடி முதல் கோடியக்கரை வரை கரும்பலகையில் கோடு இழுத்தவள், அந்தக் கோட்டின்மேல் ஒரு முறையேனும் தானே ஓட்டிப் போக வேண்டாமா? டிரைவர் வைத்துக்கொள்ளும்படி அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். டிரைவர்கள் பேசுவார்கள்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அது திறந்திருந்து நான் பார்த்ததில்லை. முன்னால் அறுவடை இயந்திரம் ஏற்றிய லாரி, பின்னால் கல்யாண வேன். வேனிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்து, என் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, டிரைவர் எங்கே என்று கேட்டார். அவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றேன். வேனுக்குத் திரும்பிப் போய் எல்லாருக்கும் சொல்லியிருக்க வேண்டும். கேட் திறக்கும்வரை குழந்தைகள் என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

திருவாரூர் தாண்டியதும் சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்தது. ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பியிருப்பார்கள். அரசாங்கம் வேண்டாம் என்ற நெல்லை அரசாங்கம் போட்ட சாலையில் உலர்த்துவதில் நியாயம் இருக்கிறது. நான் மறு பாதியில் போனேன்.

நாகூரில், வரும் சித்திரையில் உன் சதாபிஷேகம் என்ற நினைப்பில், மன்னிக்குக் கைத்தறிப் புடவை ஒன்று வாங்கினேன். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. கடைக்கார அம்மாள் நஃபீசா நான் தனியாக ஓட்டி வந்ததை நம்ப மறுத்து, வாசலுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். நாகப்பட்டினத்தில் மதிய உணவு சுமார். வேளாங்கண்ணியில் கூட்டம். வேதாரண்யத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். பிறகு வீடு திரும்பினேன்.

புடவை வராது என்று மன்னியிடம் சொல். காரணத்தை வேறு சமயம் எழுதுகிறேன்.

ஒரு செய்தி வேண்டும். நமக்கு நடுவில் பிறந்த கோமளம் திருச்சியில் காலமானது எந்தத் தேதி? அம்மாமண்டபத்தில் சாம்பலைக் கரைத்தது அப்பாவா, நீயா? எனக்கு அப்போது பதினேழு வயது. அதன்பின் நம் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மறக்காமல் எழுது.

மன்னிக்கு என் நமஸ்காரம். பேத்தி ஸ்ம்ருதிக்கு ஆசி.

மதுரம்


நாக்பூர்,
24-2-2025

மதுரத்துக்கு அச்சுதன் அநேக ஆசீர்வாதம்.

நாங்கள் சௌக்கியம். எனக்கு இருமல், மன்னிக்கு என் இருமலால் தூக்கமின்மை. கடிதம் கண்டு பதறிப்போனேன். எழுபத்து மூன்று வயதில் கடற்கரைச் சாலையில் தனியாகக் காரோட்டுவது என்ன புத்தி? வழியில் ஏதாவது நேர்ந்தால் யாருக்குத் தெரியும்? ஸ்ம்ருதியிடம் சொன்னேன். அவள் உன்னை மெச்சுகிறாள். இந்தக் காலத்துப் பெண்கள்.

புடவை ஏன் வராது என்று மன்னி கேட்கிறாள். காரிலேயே மறந்துவிட்டாயா, ஹோட்டலிலா? சதாபிஷேகத்துக்கு ஆட்களைச் சொல்லியாகிவிட்டது. பங்குனி முடிவதற்குள் நீ இங்கு வந்துவிட வேண்டும்.

கோமளத்தைப் பற்றி இப்போது எதற்கு? டைபாய்டு. அறுபத்தொன்பது, சித்திரை மாதம். ஆசிரியப் பயிற்சி விடுதியில் விஷக் காய்ச்சல் பரவிற்று. நாங்கள் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. சாம்பலை அப்பா கரைத்தார். மஹாளய பட்சத்துத் தர்ப்பணத்தில் காருண்ய பித்ருக்கள் வரிசையில் அவள் பெயரையும் சொல்லி நான் வருஷா வருஷம் எள்ளும் தண்ணீரும் விட்டு வருகிறேன். அதற்குமேல் செய்ய என்ன இருக்கிறது? பழையதைக் கிளறி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

காரை வீட்டிலேயே நிறுத்து.

அச்சுதன்


தஞ்சாவூர்,
27-2-2025

அன்புள்ள அண்ணாவுக்கு மதுரம் நமஸ்காரம்.

இருமலுக்குச் சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொள். அடக்கிக்கொண்டு, உட்கார்ந்து இதைப் படி.

கோமளத்தை அந்தச் சனிக்கிழமை பிற்பகல் நான் பார்த்தேன். வேதாரண்யத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். முந்தின நாள்தான் இறந்திருந்தாள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அன்றிலிருந்து என் தலைக்குள் எதுவும் வரிசையாக நிற்பதில்லை.

கடைத்தெருவில் காரை நிறுத்தி, இறங்காமலேயே டீ சொன்னேன். எதிர்ச் சுவரில் புதிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. பசை இன்னும் காயவில்லை. அதில் என் முகம் இருந்தது. என்னைப் போன்ற முகம் என்று நான் எழுதவில்லை. என் நெற்றி, ஒரு பக்கம் ஏறிய என் புருவம், புகைப்படக்காரனை நம்பாத என் பார்வை. நான் செத்துவிட்டேன், செய்தி இவ்வூருக்கு முதலில் வந்திருக்கிறது என்றுதான் அந்தக் கணம் தோன்றியது. சிரிக்காதே. படித்தவளுக்கும் அப்படித்தான் தோன்றும். பிறகு கீழே எழுத்தைப் படித்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை கோமளம், வயது எழுபத்தேழு. பக்கத்தில் அவள் கணவர் பெயர்.

டீக்கடைக்காரர் வீரையன் தம்ளரோடு வந்தவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தம்ளரைக் கொடுக்க மறந்து நின்றார்.

"டீச்சரம்மாவுக்கு நீங்க என்ன வேணும்மா?" என்றார்.

டீச்சர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டேன்.

"பொறந்தது திருவையாறுங்க. அந்தக் காலத்துலயே நம்ம ஆளுங்க வீட்டுல வாக்கப்பட்டு வந்துட்டாங்க. வேகமாப் போங்க, சாயங்காலம் எடுத்துடுவாங்க."

அந்தத் தெருவை எனக்குத் தெரியும், அண்ணா. ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளைக் கோடியக்கரைக்கு அழைத்துப் போகும் பேருந்து அந்த முனையில்தான் திரும்பும். என் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு அவள் வீட்டைக் கடந்திருக்கிறார்கள்.

பந்தலுக்குள் நான் நுழைந்ததும் ஒப்பாரி நின்றது. நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். பெட்டிக்குள் கிடக்கும் முகத்தோடு வாசலில் ஒருத்தி வந்து நின்றால் வேறென்ன செய்வார்கள்? அவள் நாத்தனார் ராமாயி, எண்பத்தைந்து வயதிருக்கும், கூனிக்கொண்டு வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். பிறகு கேட்டாள்:

"பொறந்த வீட்டுக் கோடி கொண்டாந்தியா தாயி?"

செத்தவளுக்குக் கடைசிப் புடவை பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். அது வராமல் எடுக்கக் கூடாது என்று அந்தக் கிழவி காலையிலிருந்து பிடிவாதம் பிடித்திருக்கிறாள். பிறந்த வீடு என்று யாரும் இல்லாததால் தெருவிலிருந்து ஒருவரை அண்ணன் முறைக்கு நிறுத்தலாம் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் காருக்குப் போய் மன்னியின் புடவையை எடுத்து வந்தேன். புடவை இப்போது எங்கே என்று மன்னி கேட்டால், எரிந்துவிட்டது என்று சொல்.

போர்த்தும்போது அவள் மகள் செம்மொழி எதிரே நின்றாள். அவளும் பள்ளித் தலைமையாசிரியை. அழவில்லை. மிகவும் மெதுவாகச் சொன்னாள்:

"இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா? அம்மா உயிரோட இருக்கறது உங்களுக்குத் தெரியும்னு எங்களுக்குத் தெரியும். வரமாட்டேன்னு சொல்லி அனுப்பிச்சீங்களே. பொணத்தைப் பாக்க மட்டும் எதுக்கு வந்தீங்க?"

உன் அம்மா ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே செத்துப்போனவள் என்று, பிணத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டு மகளிடம் எப்படிச் சொல்வது? செம்மொழியின் தம்பி செழியனிடம் என் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு, எடுத்த பிறகு புறப்பட்டேன். மன்னார்குடி வழியாக வந்தேன் என்று நினைக்கிறேன். சாலை எதுவும் நினைவில் இல்லை.

ஸ்ம்ருதியின் கல்யாணத்துக்கு முன் சுமங்கலிப் பிரார்த்தனை செய்தோமே, அதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கன்னியாக இறந்தவளுக்கென்று பட்டுப் பாவாடை வாங்கி வந்தது நான். அரக்கில் தேடித்தேடி வாங்கினேன். அந்தப் பாவாடையை நாம் இலைமுன் வைத்தபோது அவள் இரண்டு பெற்று வளர்த்து, பேரன் பேத்தியோடு, கிழக்கே ஒரு பகல் தூரத்தில் இருந்திருக்கிறாள்.

அப்பா பொய் சொல்லியிருக்கிறார். உன்னிடமும் சொன்னாரா, உன்னோடு சேர்ந்து சொன்னாரா? இது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது.

மதுரம்


வேதாரண்யம்,
3-3-2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நலமாக ஊர் சேர்ந்திருப்பீர்கள் என நம்புகிறோம்.

வரும் 16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் இல்லத்தில் அம்மாவின் படத்திறப்பு. துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தெரிவிப்பது முறை என்று அப்பா மருதையன் சொன்னதால் எழுதுகிறேன்.

அன்று நான் பேசிய விதத்துக்கு வருந்துகிறேன். பேசிய செய்திக்கு வருந்தவில்லை. எழுபத்தேழில் புயல் அடித்தபோது மாமா எங்களைத் தேடி வந்தார். எனக்கு அப்போது ஆறு வயது. இடிந்த சுவரின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டதும், அவரும் அம்மாவும் வெகுநேரம் தனியாகப் பேசியதும் நினைவிருக்கிறது. நீங்கள் எங்கள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதாக அவர் போன பிறகுதான் அம்மா எங்களிடம் சொன்னார். அதற்காக உங்களைத் திட்டி ஒரு சொல் சொன்னதில்லை. நாங்கள் திட்டினாலும் தடுத்துவிடுவார். அதனால் எங்களுக்கு இன்னும் கோபம்.

வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
ம. செம்மொழி


நாக்பூர்,
6-3-2025

மதுரத்துக்கு அச்சுதன் ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. இரத்த அழுத்தம் ஏறி ஒருநாள் மருத்துவமனையில் இருந்தேன். இப்போது பரவாயில்லை. மன்னி பார்க்குமுன் கடிதத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

கடைசியில் கஷ்டப்பட்டாளா? மருதையன் பக்கத்தில் இருந்தாரா? அவளுக்குச் சின்ன வயதிலேயே பல் தொந்தரவு. பல் எல்லாம் இருந்ததா?

நீ கேட்டதற்கு இப்போது எழுத முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அச்சுதன்


தஞ்சாவூர்,
10-3-2025

அண்ணாவுக்கு மதுரம் எழுதுவது.

உன் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். என்னுடையது அங்கிருந்து இங்கு வந்துவிட்டது.

மருதையன் பக்கத்தில் இருந்தாரா என்று கேட்டிருக்கிறாய். அவர் பெயரை நான் என் கடிதத்தில் எங்கும் எழுதவில்லை. எடுத்துப் பார்த்துச் சரிபார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். என் கடிதங்களுக்கு நகல் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. அதற்கு முன்பே செம்மொழியின் கடிதமும் வந்துவிட்டது. புயலுக்குப் பிறகு நீ அங்கே போயிருக்கிறாய். இடிந்த சுவரின்மேல் உட்கார்ந்து அவள் கையால் சாப்பிட்டிருக்கிறாய். சாப்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, அடுத்த மஹாளயத்துக்கும் அவள் பெயரைச் சொல்லியிருக்கிறாய்.

பல் இருந்தது. நன்றாக இருந்தது.

உன்னை நான் மூடன் என்று பலமுறை நினைத்ததுண்டு. துணிந்தவன் என்று நினைத்ததில்லை. நான் வரமாட்டேன் என்று சொன்னதாக அவளிடம் சொல்ல உனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது? நான் அவள் இறந்ததாக அழுதேன். அவள் நான் அருவருத்ததாக நம்பினாள். இரண்டும் தெரிந்தவனாக நடுவில் நீ சௌக்கியமாக உட்கார்ந்திருந்தாய்.

இப்போது எனக்கு வேண்டியது ஒன்றுதான். பதினாறாம் தேதி படத்திறப்பு. அந்த வீட்டில் என் பெயர் கெட்டுக் கிடக்கிறது. எனக்குத் தெரியாது என்று நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். கூட இருந்து பார்த்தவன் நீ ஒருவன்தான். "மதுரத்துக்கு எதுவும் தெரியாது" என்று மூன்று சொல் உன் கையெழுத்தில் எழுதி விரைவஞ்சலில் அனுப்பு. உன்னை மன்னிப்பதா என்பதைப் பிறகு பார்ப்போம். அது அவசரமில்லை.

மதுரம்


தஞ்சாவூர்,
18-3-2025

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வரவில்லை. நலமா என்று மன்னியின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பினேன். நலம் என்றாள். ஆக, கை மட்டும்தான் எழவில்லை.

வெறுங்கையோடு போனேன். இம்முறை நீடாமங்கலம் கேட் உடனே திறந்தது. அங்கே காத்திருக்கக் கொஞ்சம் நேரம் கிடைத்திருந்தால் என்ன சொல்வது என்று யோசித்திருப்பேன்.

பந்தல் நிறைய அவள் மாணவர்கள். மீன் ஏலக்காரர், வழக்கறிஞர், உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். பொய்யாக ஒருவரும் புகழவில்லை. அடி வாங்கியதைத்தான் அதிகம் சொன்னார்கள். நான் பேச எழப் போகிறேன் என்று செம்மொழிக்குத் தோன்றியிருக்க வேண்டும். பக்கத்தில் வந்து குனிந்து சொன்னாள்:

"பேசணும்னா பேசுங்க. அம்மாவோட தங்கச்சின்னு மட்டும் சொல்லிக்காதீங்க."

தங்கை என்று சொல்லாமல் என் முகத்தோடு அங்கே வேறு என்னவென்று பேசுவது? கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தேன். படத்தைத் திறந்தபோது கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.

சாப்பாட்டுப் பந்தியில் ராமாயி என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார்த்திக்கொண்டாள். நீ எள்ளும் தண்ணீரும் விடுவது கோமளத்துக்குத் தெரியுமாம். நீயே சொன்னாயாம். வெயில் நாளில் தண்ணீர் வேண்டுமா என்று யாராவது கேட்டால், "எனக்கு வேணாம்டி, வருஷா வருஷம் அண்ணன் அனுப்பிடுறான்" என்பாளாம். கிழவி சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

புறப்படும்போது மருதையன் கார்வரை வந்தார். மெலிந்த மனிதர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சட்டைப் பையில் இன்னும் சிவப்பு மைப் பேனா. மகள் பேசியது தமக்குத் தெரியும் என்றார். அவர் அப்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அச்சுதன் எழுதலீங்களா? எழுதுவாரு. நான் சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன்னு அவகிட்ட ஒத்துக்கிட்டேன். அவரும் ஒத்துக்கிட்டாரு. ஆனா நீங்க பின்னாடி போய் உக்காந்ததை இன்னைக்கு நான் பாத்தேன். அதை அவருக்கு எழுதுங்க."

எழுதிவிட்டேன். எதை ஒத்துக்கொண்டாய்?

மதுரம்


நாக்பூர்,
9-4-2025

அன்புள்ள மதுரத்துக்கு அச்சுதன் ஆசீர்வாதம்.

நீ சௌக்கியமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது.

சதாபிஷேகத்தை நிறுத்திவிட்டேன். கூடப் பிறந்தவள் போய் ஒரு வருஷம் ஆகாமல் மாலை போட்டுக்கொண்டு உட்கார எனக்கு மனமில்லை. ஏன் நிறுத்தினாய் என்று மன்னி கேட்டாள். சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு வந்து, புடவை அவளுக்கு நன்றாக இருந்ததா என்று கேட்டாள். நீதான் பதில் எழுத வேண்டும்.

திருச்சியில் நடந்தது இது. விடுதியில் அவள் இல்லை. மருதையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். அப்பா அம்மாமண்டபத்தில் இறங்கித் தலைமுழுகினார். என்னையும் முழுகச் சொன்னார். ஈர வேஷ்டியோடு பஸ் ஏறும்போது, டைபாய்டு என்று சொல் என்றார். நான் சொன்னேன். உன்னிடமும் அம்மாவிடமும் வாசலில் நின்று சொன்னது நான்தான்.

புயலுக்குப் பிறகு, அந்தப் பக்கத்தில் செத்தவர்கள் கணக்கைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டுத் தேடிப் போனேன். உயிரோடு இருந்தாள். வீடுதான் இல்லை. முதலில் உன்னைத்தான் கேட்டாள். நீ முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாய். அம்மா இதய நோயோடு உன் கைப்பிடியில் நடந்துகொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன். மதுரத்தை அழைத்து வருகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"வேண்டாம் அண்ணா. அவகிட்ட சொன்னா அன்னிக்கே கிளம்பி வந்துடுவா. அப்பா அவளையும் தலைமுழுகிடுவார். அம்மா தாங்கமாட்டா. வீட்டுல ஒருத்தி செத்தது போதும்."

குழந்தைகள் பெரியவர்களானால் சித்தியைத் தேடிக்கொண்டு தஞ்சாவூர் போய்விடுவார்களே என்று மருதையன் கேட்டார். அதற்கும் அவளே வழி சொன்னாள். மதுரம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகச் சொல்லி வளர்க்கிறேன், அப்போது தேடமாட்டார்கள் என்றாள். நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்டோம்.

ஆகவே நீ கேட்ட மூன்று சொல்லை என்னால் எழுத முடியவில்லை. எழுதினால், அவர்கள் அம்மா அவர்களிடம் பொய் சொன்னாள் என்று செத்த சூட்டோடு நான் சொன்னதாகும். நீ என்னைத் திட்டு. எனக்குப் பழக்கம்.

இன்னொன்று. தர்ப்பணத்தில் அவள் பெயர் வரும்போது கையிலுள்ள எள்ளைக் கீழே உதிர்த்துவிட்டு வெறும் தண்ணீரைத்தான் விடுவேன். மந்திரம் சொல்லும் வாத்தியார் கவனித்ததில்லை. எள் செத்தவர்களுக்கு. வெறும் தண்ணீர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

அச்சுதன்


தஞ்சாவூர்,
20-4-2025

அன்புள்ள அண்ணாவுக்கு மதுரம் நமஸ்காரம்.

நான் சௌக்கியம். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

உன் கடிதம் வந்த அன்று அடுப்பில் வைத்த பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகிய வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். உன்மேல் கோபமாக இருப்பது எளிதாக இருந்தது. அதையும் பிடுங்கிக்கொண்டாய். இப்போது கோபப்பட வேண்டுமானால் செத்தவளிடம்தான் படவேண்டும்.

என்னைப் பற்றி மூன்று பேர் இடிந்த சுவரின் பக்கத்தில் நின்று முடிவு செய்திருக்கிறீர்கள். என் படிப்பையும் என் அம்மாவையும் காப்பாற்றியிருக்கிறீர்கள். கேட்டால் நான் எதைத் தேர்ந்திருப்பேன் என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது; அதனாலேயே கேட்கவில்லை. புயல் அடித்த வருஷத்துக்கு உன் காரணம் சரி என்றே வைத்துக்கொள்கிறேன். அம்மா போய், அப்பா போய், நான் யாருக்கும் பயப்பட வேண்டாத பேராசிரியையாக இந்த ஊரில் உட்கார்ந்திருந்த முப்பது வருஷத்துக்கு உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உன்னிடம் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். முதல் வருஷம் சொல்லாததால் இரண்டாம் வருஷம் சொல்ல முடியவில்லை. அவளுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். வேறு எதையாவது யோசித்து எழுதிவிடாதே.

அவள் பிள்ளைகளுக்கு நான் என்ன எழுதப் போகிறேன் என்று பயப்படுவாய். அவளைப் பொய் சொன்னவளாக ஆக்கமாட்டேன். அவர்கள் நினைப்பதுபோல் நினைத்துக்கொள்ளட்டும் என்று தியாகம் செய்யும் உத்தேசமும் எனக்கு இல்லை. தியாகம் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

மன்னியிடம் சொல்: மாம்பழ மஞ்சள் அவளுக்கு மிகவும் எடுப்பாக இருந்தது. கரையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

மதுரம்


தஞ்சாவூர்,
22-4-2025

அன்புள்ள செம்மொழிக்கு,

நீயும் செழியனும் அப்பாவும் அத்தை ராமாயியும் நலமா? வெயிலில் அப்பாவை வெளியே விடாதே. நான் நலம்.

உன்னைவிட மூத்தவள், மேலும் உன்னைப் போலவே வகுப்பறையில் குரல் உயர்த்தாமல் பயமுறுத்திப் பிழைத்தவள் என்பதால் ஒருமையில் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் சொல்.

உன் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. பதில் அன்று எனக்கே தெரியாது. இப்போது தெரியும்.

திருவையாற்று வீட்டில் உன் அம்மா 1969-இல் இறந்துவிட்டாள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. சொல்லச் சொன்னவர் என் தந்தை. நான் நம்பினேன். வேதாரண்யத்துச் சுவரில் அவள் படத்தைப் பார்க்கும்வரை நம்பிக்கொண்டிருந்தேன். புயல் வருஷத்தில் உன் மாமா வந்தபோது என்னை அழைத்து வரவா என்று உன் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். நான் வந்தால் என் தந்தை எனக்கும் அதையே செய்துவிடுவார் என்று பயந்தாள். உங்களிடம் சொன்ன காரணம் நீங்கள் என்னைத் தேடி வந்துவிடாமல் இருக்கச் சொன்னது. என்னை யாராவது திட்டினால் அவள் ஏன் தடுத்தாள் என்பது இப்போது உனக்குப் புரியும். உன் அப்பாவிடம் கேள். அவர் கொடுத்த வாக்கை நான் உடைத்துவிட்டதால் இனி அவர் பேசலாம்.

இதைச் சொன்னதற்காக உன் அம்மா என்மேல் கோபப்படுவாள் என்றால் படட்டும். எனக்கும் அவள்மேல் இருக்கிறது. அது எங்கள் இருவர் விஷயம்.

அவள் பயந்தது வீண் பயம் இல்லை. தெரிந்திருந்தால் நான் அன்றைக்கே வந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். நான் வருவது பிடிக்காவிட்டால் வாசல் கதவைச் சாத்தி வை. காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை.

அன்புடன்,
மதுரம்
(உன் அம்மாவின் தங்கை)